புனிறு: மூன்றாம் மாதத்திற்கு முன்னால்

‘புனிறு’ என்றொரு சொல் தமிழில் இருந்தது. ஈன்றணிமை, அதாவது பிள்ளை பெற்று அதிக நாள் ஆகாத நிலை என்று தொல்காப்பியர் உரியியலில் அதற்குப் பொருள் சொல்கிறார். கன்று ஈன்று சில நாளே ஆன பசு புனிற்றா. அப்படியே பெண்யானை புனிற்றுப் பிடி. இன்றைய மருத்துவம் ஆறு வாரம் என்று எல்லை வகுத்துத் தனியாகக் கவனிக்கும் ஒரு காலத்திற்கு நம் மொழி மூன்றே எழுத்தில் பெயர் வைத்திருந்தது. இப்போது அச்சொல்லைத் தமிழாசிரியர்களிடம் மட்டுமே கேட்க முடியும். சொற்கள் வழக்கொழிவது இயல்புதான்; அதற்காக யாரும் ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை. ஆனால் அச்சொல் குறித்த பெண்ணும் நம் எழுத்திலிருந்தும் பேச்சிலிருந்தும் காணாமற் போயிருக்கிறாள் என்பதுதான் எங்கள் புகார்.

இதை இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம் ஒரு சிரிப்பு. எங்கள் வாசகர் வட்டத்தைச் சேர்ந்த தோழி ஒருவர், தனியார் பொறியியல் கல்லூரியொன்றில் விரிவுரையாளர், தலைப்பிரசவத்தை எதிர்நோக்கியிருப்பவர், ‘முதல் ஆறு மாதம்’ என்று தலைப்பிட்டு இரண்டு தாள்கள் எழுதி வந்து ஒரு கூட்டத்தில் வாசித்தார். பாதி வாசிப்பதற்குள் மூத்த எழுத்தாளர் ஒருவர் குறுக்கிட்டார். குழந்தை வளர்க்க ஐந்தாண்டுத் திட்டமா, நம் பாட்டிமார் பத்துப் பிள்ளை பெற்றார்களே, அவர்கள் எந்தத் தாளில் எழுதி வைத்தார்கள், இதெல்லாம் வெள்ளைக்காரன் புத்தகத்தைப் படித்துவிட்டு வருகிற நோய் என்றார். கூட்டத்தில் பலரும் சிரித்தார்கள். தோழி தாள்களை மடித்து வைத்துவிட்டார். அம்மூத்தவர் எங்கள் மதிப்புக்குரியவர். அவருடைய கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள் எங்களில் உண்டு. ஆனால் அன்று அவர் சொன்னது அவருடைய கருத்து மட்டுமன்று. திருமண வீடுகளிலும் பட்டிமன்றங்களிலும் சிற்றிதழ்ப் பக்கங்களிலும் வெவ்வேறு குரலில் திரும்பத் திரும்பக் கேட்பதுதான். ஆகவே பதில் சொல்லியாக வேண்டும்.

சிரித்தவர்கள் அந்தத் தாள்களில் என்ன இருந்தது என்று கேட்கவில்லை. தோழியின் அனுமதியோடு சுருக்கித் தருகிறோம். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் குழந்தையை மார்பில் இடுவது. அதற்கு முன் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ யாரும் நாவில் வைக்கக்கூடாது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். பால் போதவில்லை என்று மருத்துவர் சொன்னால் பால்மாவு கொடுப்பது. அதைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது. மூக்கில் எண்ணெய் விடுவதில்லை, கண்ணில் மை தீட்டுவதில்லை. தாய் தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்ற பேச்சுக்குச் செவிகொடுப்பதில்லை. பிறந்தவுடன் போடவேண்டிய தடுப்பூசிகள், பின்பு 6, 10, 14 ஆகிய வாரங்களில் போடவேண்டியவை. இரவில் பாலூட்டுவது தன் வேலை. ஏப்பம் விடவைப்பதும் துணி மாற்றுவதும் கணவர் வேலை. முதல் நாற்பது நாள் இன்னார் தவிர வேறு விருந்தாளிகள் வேண்டாம். நான்காம் மாதத்திலிருந்து நாளுக்கு ஒரு மணி நேரம் தன் வாசிப்புக்கு. பணிக்குத் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பே பாலைப் பீய்ச்சிச் சேமித்துப் பழகுவது. அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் கெடாது என்று சொல்வது 25 டிகிரி வரைதான், நம் ஊர் வெயிலுக்கு அது செல்லாது, ஆகவே குளிர்பெட்டி, மின்வெட்டு நேரத்திற்குப் பனிக்கட்டிப் பெட்டி. கடைசியாக ஒன்று. ‘இரண்டு வாரத்திற்கு மேலும் நான் காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்தால், தூங்காமல் இருந்தால், குழந்தையைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று சொன்னால், என்னை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மந்திரிக்க வேண்டாம். அதட்ட வேண்டாம்.’

இந்த இடம் வரும் முன்பே சிரிப்பு எழுந்துவிட்டது. 

பாட்டிமார் தாளில் எழுதவில்லை என்பது உண்மை. பெரும்பாலோருக்கு எழுத்துக் கற்பிக்கப்படவில்லை. ஆனால் அவர்களிடம் திட்டம் இல்லை என்பது அப்பட்டமான பொய். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் அடுக்கித் தாய்வீட்டுக்கு அழைத்து வருவார்கள். தலைப்பிரசவம் அங்கேதான், செலவும் அவர்களுடையதுதான். பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்க, குணம் அப்படியே ஒட்டும் என்ற நம்பிக்கையில், குடும்பம் ஒருவரைத் தேர்ந்து வைத்திருக்கும். பெற்றவளுக்குப் பூண்டும் மிளகும் சுக்கும் தூக்கலான பத்தியச் சாப்பாடு; புலால் உண்ணும் வீடுகளில் பால்சுறாப் புட்டும் கருவாட்டுக் குழம்பும்; காலையில் பிரசவ லேகியம் ஓர் உருண்டை; வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டிய பழஞ்சேலை. குழந்தைக்கு வசம்பும் மாசிக்காயும் ஜாதிக்காயும் இழைத்த உரைமருந்து. கால் நீட்டி உட்கார்ந்து முழங்காலில் குழந்தையைக் கிடத்திக் குளிப்பாட்ட ஒரு முதியவள். இத்தனையாவது நாள் தீட்டுக் கழிப்பு, இத்தனையாவது நாள் தொட்டில். பிறகு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ, ஒற்றைப்படையாகப் பார்த்து, புகுந்த வீடு. எந்த ஐந்தாண்டுத் திட்டமும் இவ்வளவு கறாராக நிறைவேறியதில்லை.

அத்திட்டத்தில் நல்லது இல்லாமலில்லை. நாற்பது நாள் அடுப்படிக்குப் போகாமல் இருக்க ஒரு பெண்ணுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அதுதான். பிள்ளையைத் தூக்க நாலு கை இருந்தது. இன்று இரண்டு அறை வாடகை வீட்டில் தனியாக இருக்கும் தம்பதிக்கு அந்த நாலு கை எத்தனை பெரிய செல்வம் என்று தெரியும். ஆனால் அதே திட்டம்தான் சீம்பாலைக் கெட்டபால் என்று பீய்ச்சி வெளியே கொட்டச் சொன்னது. தாகத்தோடு கிடப்பவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுத்ததும் அதுதான். பத்துப் பிள்ளை பெற்றார்கள் என்று பெருமை பேசுகிறவர்கள் பத்தில் எத்தனை தங்கின என்பதைச் சொல்வதில்லை. பெற்றவள் தங்கினாளா என்பதையும் சொல்வதில்லை.

இரண்டு திட்டங்களில் எது அறிவியலுக்கு நெருக்கம் என்பதுகூட எங்கள் முதன்மையான வழக்கு அன்று. பழைய திட்டத்தை வகுத்தவர்கள் மாமியார், தாய், மருத்துவச்சி, சோதிடர், சாதி வழக்கம். அதில் கையொப்பம் இல்லாத ஒரே ஆள் பெற்றவள். புதிய திட்டம் அவள் கையெழுத்தில் இருக்கிறது. சிரிப்பு வந்தது தாளைக் கண்டல்ல, கையெழுத்தைக் கண்டுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். இதே இரண்டு தாளையும் ஒரு குழந்தை மருத்துவர் அச்சடித்துக் கொடுத்திருந்தால் அதே பெரியவர் பேரனுக்காகச் சட்டைப்பையில் பத்திரமாக மடித்து வைத்திருப்பார்.

மாதவாரியாகக் குழந்தைக்குத் திட்டம் போடுவது வெள்ளைக்காரனிடமிருந்து வந்த நோய் என்ற வாதம் இலக்கியக்காரர் வாயிலிருந்து வந்ததுதான் வேடிக்கை. உலகில் எந்த மொழி பாட்டியலில் குழந்தைக்கு மாத அட்டவணை எழுதி வைத்திருக்கிறது? மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பிறகு வருகை, அம்புலி என்று இருபத்தொன்றாம் மாதம் வரை. நூலுக்கு நூல் ஓரிரு மாதம் முன்பின்னாகும். ஒற்றைப்படை மாதங்கள் என்பது பெருவழக்கு. ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டித் தலை தூக்கி அசைவது செங்கீரை. இரு கையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. குழந்தை மருத்துவமனைச் சுவரில் ‘எந்த மாதத்தில் என்ன செய்யும்’ என்று தொங்குகிற படம் இதுவேதான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கனைக் குழந்தையாக்கிப் பாடினார். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியை. அரசனையும் தெய்வத்தையும் மாதக் கணக்கில் வளர்த்த மரபு, ஒரு விரிவுரையாளர் தன் பிள்ளைக்கு வாரக் கணக்கு எழுதினால் நகைக்கிறது.

ஆனால் அந்த மரபின் அட்டவணை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். மூன்றாம் மாதத்தில். தெய்வங்களைக் கூப்பிட்டுக் குழந்தையைக் காக்கச் சொல்லும் காப்புப் பருவமே அப்போதுதான் வருகிறது. குழந்தை தங்கிவிடும் என்று ஓரளவு உறுதியான பிறகே புலவர் தூளிப் பக்கம் எட்டிப் பார்க்கிறார் என்று நாங்கள் இதைப் படிக்கிறோம். அதற்கு முந்திய நாட்கள், இரத்தமும் பாலும் காய்ச்சலும் தூக்கமின்மையுமான நாட்கள், இலக்கியத்திற்கு வெளியே கிடக்கின்றன. தாய் என்றொருத்தி பிள்ளைத்தமிழில் பேசுகிறாளே என்பீர்கள். அது தாயின் குரலை வாங்கிக்கொண்ட புலவர். அந்தத் தாய்க்கு முதுகு வலிப்பதில்லை.

நேர்மையாகச் சொன்னால் ஒரு விலக்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் எங்கள் வழக்கு பழுதாகும். பிள்ளைத்தமிழுக்கு முன்னோடி என்று எல்லோரும் சுட்டுகிற பெரியாழ்வார் பிறந்த நாளிலிருந்தே தொடங்குகிறார். வெந்நீரில் கைகால் நிமிர்த்திக் குளிப்பாட்டுவதும் மஞ்சளால் நாக்கு வழிப்பதும் அவருடைய முதல் பதிகத்திலேயே வந்துவிடுகின்றன. அதே பதிகத்தின் பின்பகுதியில், தொட்டிலில் விட்டால் கிழிய உதைக்கிறான், எடுத்தால் இடுப்பை ஒடிக்கிறான், அணைத்தால் வயிற்றில் பாய்கிறான், எனக்குத் தெம்பில்லை, மெலிந்துவிட்டேன் என்று யசோதை பக்கத்துப் பெண்ணிடம் சொல்கிறாள். வைணவ உரைகள் இதிலிருந்து எவ்வளவு உயரத்திற்குப் போனாலும், தரையில் நிற்கிற பொருள் ஒன்றுதான்: பெற்றவளுக்குக் களைப்பு. பின்வந்தவர்கள் பெரியாழ்வாரிடமிருந்து அம்புலியை எடுத்துக்கொண்டார்கள். சப்பாணியை எடுத்துக்கொண்டார்கள். களைப்பை விட்டுவிட்டார்கள்.

இன்னும் பின்னே போனால் சங்கப் பாடல்கள். குட்டி ஈன்று கிடக்கும் பெண்புலியின் பசியைத் தணிக்க ஆண்புலி இருளில் இரை தேடிப் புறப்படும் காட்சி அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட பாட்டில் வருகிறது. மருதத் தலைவனோ, வீட்டில் மனைவி பிள்ளை பெற்றுக் கிடக்கும்போது பரத்தையர் சேரியில் இருக்கிறான். தொல்காப்பியர் கற்பியலில் அவன் மனைவியை நாடி வருவதற்குக் குறிக்கும் நேரம் புனிறு தீர்ந்த பொழுது. எல்லாம் முடிந்து அவள் குளித்து எழுந்த பின்பு! விலங்குக்குக் கொடுத்த பண்பை மனிதனுக்குக் கொடுக்கப் புலவர்களுக்கு ஏன் மனம் வரவில்லை என்று நமக்குத் தெரியாது. ஒருவேளை அவர்கள் கண்டதைப் பாடினார்கள்.

நற்றிணை 380ஆம் பாட்டை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. தலைவனுக்காகத் தூது வந்த பாணனிடம் தோழி பேசுகிறாள். எங்கள் ஆடையில் நெய்யும் தாளிப்புப் புகையும் படிந்து அழுக்கேறியிருக்கிறது, பால் சுரக்கும் மார்போடு மகனை அணைத்து அணைத்துத் தோளில் புனிற்று மணம் வீசுகிறது, அலங்கரித்த பெண்களை நாடுகிற உன் தலைவனுக்கு நாங்கள் ஏற்றவர்கள் அல்லோம், போய் வா என்று வாயிலை அடைத்துவிடுகிறாள். சமையல் அழுக்கும் பால்மணமும் ஒருங்கே கொண்ட ஒரு பெண்ணின் உடல், அழகுபடுத்தப்படாமல், அப்படியே நிற்கும் அபூர்வமான பாட்டு. இதற்கு உரையாசிரியர்கள் வைத்த துறை ‘வாயில் மறுத்தது’. முதல் நாற்பது நாள் விருந்தாளிகள் வேண்டாம் என்று எங்கள் தோழி எழுதியதற்கும் அதே துறையைத்தான் வைக்கவேண்டும். சங்கப் பாட்டில் அது நயம். தாளில் எழுதினால் மரியாதைக் குறைவு!

நவீன இலக்கியம் இந்த இடத்தை நிரப்பியிருக்க வேண்டும். பிள்ளையில்லாத துயரை நம் நாவல்கள் எழுதியிருக்கின்றன; ‘மாதொருபாகன்’ முழுவதும் அதுதான். வளர்ந்த மகன் கண்ணில் தெரியும் தாயை எழுதியிருக்கின்றன. ‘அம்மா வந்தாள்’ போதும் சான்றுக்கு. இடையில், பெற்று மூன்றாம் வாரத்தில் அதிகாலை இரண்டு மணிக்கு விழித்திருக்கும் பெண் எத்தனை பக்கத்தில் வருகிறாள்? பெரும்பாலும் அத்தியாயத்தின் முடிவில் வலி எடுக்கும்; அடுத்த அத்தியாயத்தில் குழந்தை தவழும். பெண் கவிஞர்கள் உடலை எழுத வந்தபோது என்ன நடந்தது என்பது இப்பக்கத்தைப் படிப்பவர்களுக்குப் புதிதன்று. 2002இல் குட்டி ரேவதியின் தொகுப்பு ‘முலைகள்’ என்ற தலைப்போடு வந்ததற்கே கொதித்தெழுந்தது நம் பண்பாட்டுக் காவல். அந்தச் சொல்லை அட்டையில் தாங்க முடியாத சமூகம்தான் ஒவ்வோர் ஆகஸ்டிலும் முதல் ஏழு நாளைத் தாய்ப்பால் வாரமாகக் கொண்டாடித் தாய்மார்களுக்குக் கடமையை நினைவூட்டுகிறது. முலை சமூகத்தின் சொத்து. சொல் மட்டும் ஆபாசம்.

எழுத்தில் இடம் கிடைக்காதவள் தாலாட்டில் பேசினாள். யார் அடித்து அழுகிறாய் என்று மாமன், அத்தை, பாட்டி என்று வரிசையாகப் பேர் சொல்லிக் கேட்கும் நாட்டுப்புறத் தாலாட்டைக் கேட்காதவர் யார்? அதைச் செல்லம் கொஞ்சல் என்று மட்டும் நினைத்துக் கொண்டிருக்கிறோம். புகுந்த வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததை, பொருள் புரியாத ஓர் உயிரிடம், அனைவர் காதிலும் விழும்படி ஒருத்தி சொல்கிறாள். அதுவும் ஒரு பட்டியல்தான். எழுதத் தெரிந்த பேத்தி அதையே தாளில் எழுதுகிறாள். பாட்டிமார் பேரைச் சொல்லி அவளை வாயடைக்க முயல்வது அந்தப் பாட்டிமாருக்கே இழைக்கும் அநீதி.

இனி, அந்தத் தாளில் பெரும்பகுதி கணக்கு என்பதையும் அக்கணக்கு ஏன் தேவைப்பட்டது என்பதையும் பார்க்கலாம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, நம் அரசும் சொல்கிறது. சுமார் 180 நாள். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் தந்தது 12 வாரம். 56 ஆண்டுகள் கழித்து 2017இல்தான் அது 26 வாரமானது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அந்த 26 வாரத்தையே வைத்துக்கொண்டது. 182 நாள். சரியாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் பிரசவத்திற்கு முன் எடுக்கும் ஓய்வும் இதற்குள்தான். சட்டம் அனுமதிக்கும் எட்டு வாரத்தையும் முன்னதாக எடுத்துக்கொண்டால் குழந்தைக்கு மிஞ்சுவது 126 நாள். ஆகவே கால் வீங்கி, மாடிப்படி ஏறி, ஐம்பது நிமிடம் நின்று பாடம் நடத்துகிற பெண், பிரசவத் தேதிக்கு இரண்டு வாரம் முன்பு வரை கல்லூரிக்குப் போவது என்று எழுதி வைக்கிறாள். அப்போதும் கிடைப்பது 168 நாள். பன்னிரண்டு நாள் இடிக்கிறது. பால் பீய்ச்சிச் சேமிக்கும் கணக்கெல்லாம் அந்தப் பன்னிரண்டு நாளிலிருந்து புறப்பட்டதுதான். குழந்தைக்குப் பதினைந்து மாதமாகும் வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. அதைக் கேட்கப்போன தோழியிடம் அவருடைய கல்லூரி நிர்வாகம் சொன்ன பதிலை இங்கே எழுதப் போவதில்லை. காப்பகம் இல்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 ஜூலையிலிருந்து ஓராண்டு விடுப்பு. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் மூன்றாம் பேறு என்று காரணம் காட்டி அரசு பள்ளி ஆசிரியை ஒருவருக்கு மறுக்கப்பட்ட விடுப்பு, 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் கிடைத்தது. தந்தைக்கு? மத்திய அரசு ஊழியராயின் பதினைந்து நாள். தனியார் துறையில் இருப்பவருக்குச் சட்டத்தொகுப்பில் ஒரு வரியும் கிடையாது. தோழியின் கணவர் தன் ஈட்டிய விடுப்பிலிருந்து பத்து நாள் ஒதுக்கியிருக்கிறார். சங்கப் புலிக்கு இந்தச் சிக்கல் இல்லை. விடுப்பின் சம்பளம் முழுவதையும் முதலாளி தலையில் வைத்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொண்டதால், மணமான இளம்பெண்ணை வேலைக்கு எடுக்கும்போதே ‘எப்போது குழந்தை’ என்று சுற்றி வளைத்துக் கேட்பது வழக்கமாகியிருக்கிறது. இதுவும் ஒரு திட்டம்தான். இதைக் கண்டு யாரும் சிரிப்பதில்லை.

எங்கள் பெண் நண்பர்கள் சிலர் வேறு பக்கத்திலிருந்து எதிர்க்கிறார்கள். 180 நாள் பால் என்று தன்னைத் தானே கட்டிப் போட்டுக்கொள்வது விடுதலையா, தாய்மையை மறுபடியும் பீடத்தில் ஏற்றுவதாகாதா என்கிறார்கள். இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. பால்மாவு விளம்பரத்தை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது, சரியான காரணத்திற்காகத்தான். ஆனால் பால் வராத பெண்ணைச் சுற்றத்தார் ஏசுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அதனால்தான் பால்மாவு பற்றிய அந்த வரியை, யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது என்ற வரியை, நாங்கள் அத்தாளின் முக்கியமான வரிகளில் ஒன்றாகக் கருதுகிறோம். தன் முடிவை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே அவர் எழுதியிருக்கிறார். பீடத்தில் ஏற்றப்பட்டவர்களுக்கு அந்த உரிமை கிடையாது.

மற்றொரு எதிர்ப்பு, இது நடுத்தர வர்க்கச் சொகுசு என்பது. மூத்தவரும் இதைச் சொன்னார். உழைக்கும் பெண்கள் வயலிலேயே பெற்று எழுந்து நாற்று நட்டார்கள் என்ற பழைய பல்லவி. இந்தப் பல்லவியைப் பாடுகிறவர்களில் ஒருவரும் அந்தப் பெண்ணைக் கேட்டதில்லை. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் திட்டம் உண்டு. எந்த வீடு தனக்காக எத்தனை நாள் காத்திருக்கும், எந்த வீடு மறுநாளே வேறு ஆள் வைத்துவிடும், அதைத் தடுக்கத் தங்கையையோ தாயையோ எந்தெந்த வீட்டுக்குத் தனக்குப் பதிலாக அனுப்புவது என்று ஐந்தாம் மாதத்திலேயே அவர் மனக்கணக்குப் போட்டுவிடுகிறார். கட்டட வேலைக்குப் போகிறவர், எத்தனையாவது வாரத்தில் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சாரத்துக்கு எட்டத்தில் தூளி கட்டலாம், யார் பார்த்துக்கொள்வது என்று கணக்கிடுகிறார். அவருக்குச் சட்டத்தின் 26 வாரம் எட்டாத தூரம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் என்று 2018இல் உயர்த்தினார்கள். அதையும் தவணை தவணையாகத்தான் தருவார்கள். 180 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு நூறு ரூபாய். சொகுசு என்று எதைச் சொல்கிறோம்? ஒருத்தி தாளில் எழுதுகிறாள், மற்றவள் எழுதவில்லை. நெருக்கடி இருவருக்கும் உண்டு, இரண்டாமவருக்கு மிக அதிகம். உழைக்கும் பெண்ணின் பெயரால் எழுதுகிற பெண்ணை அடக்குவது, இருவருக்கும் ஒன்றும் தராமல் தப்பித்துக்கொள்ளும் வழி.

தோழியின் இரண்டாம் தாளின் அடியில் இதைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. அவர் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கும் அதே ஆண்டில் பிரசவம். அவருக்கு மூன்று மாதச் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுப்பது, அதுவரை வேறு ஆள் வைக்காமல் தாங்களே வேலையைப் பங்கிட்டுக்கொள்வது என்று எழுதியிருக்கிறார். மூன்று மாதம் போதாதே என்று கேட்டோம். கல்லூரியில் தன் விடுப்புச் சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று இன்னும் சொல்லவில்லை, தெரிந்த பிறகு அந்த வரியைத் திருத்துவேன் என்றார்.